வாகை மரத்தில் இல்லாத சிலந்தி

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

உசிலம்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அன்பு மைத்துனன் பாண்டித்துரைக்கு, உன் அக்காள் புருஷன் காசிமாயன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் சின்னத்தாயும் நலம். என் கண்ணும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் பிள்ளைகளும் கடையிலுள்ள கண்ணாடிகளும் உடையாமல் நலமாயிருக்கக் கருப்பசாமி துணை நிற்கட்டும்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன தடவை பேசியபோது நீ போனை ஸ்பீக்கரில் போட்டு, கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்க வைத்து, “இவருதாங்க கண்ணாடியே வேணாங்கிற மச்சான்” என்று சிரித்தது எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பலாம்தான். ஆனால் இந்தப் போன் கம்பெனிக்காரர்கள் வரவர எழுத்தைப் பொடிசாக்கிவிட்டார்கள். மனிதன் படிப்பதற்குச் செய்கிறார்களா, எறும்பு படிப்பதற்குச் செய்கிறார்களா, தெரியவில்லை. ஆகவே நோட்டு வாங்கி, பக்கத்துக்கு எட்டு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இது நீ படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். எனக்காக அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் உன் மகன் காதுகுத்து நடந்தபோது வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தாய். நான் உன் மாமனாரை விட்டுவிட்டு மைக்செட் போட வந்தவரைக் கட்டிப்பிடித்து, “வாங்க மாமா, பிரயாணமெல்லாம் சௌகரியமா?” என்று கேட்டு முதல் பந்தியில் உட்கார வைத்தேன் என்பது உண்மை. அதற்காக நீ அந்த மைக்கிலேயே, “எங்க மச்சானுக்குக் கண்ணு போச்சு, நாளைக்கே கண்ணாடி போட்டு விடுறேன்” என்று அறிவிப்பாயா? உன் மாமனார் அன்று அழுக்கு வேட்டி கட்டியிருந்தார். மைக்செட்காரர் பட்டுச்சட்டையில் இருந்தார். யார் பார்த்தாலும் அவரைத்தான் சம்பந்தி என்பார்கள். இது சட்டையின் குற்றம், கண்ணின் குற்றம் அல்ல.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையே நீ மறந்துவிட்டாய். முப்பத்தொரு வருடமாகத் திருப்பூரில் பனியன் துணி செக்கிங் செய்கிறவன் நான். நிட்டிங் மெஷினிலிருந்து வரும் துணி ரோலை விளக்குப் போட்ட பலகை மேல் ஓடவிடுவோம். ஓடுகிற துணியில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, ஊசி உடைந்த கோடோ தெரிந்தால் நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். கட்டிங்கில் அதைப் பார்த்து அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்காத ஓட்டையை நான் டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறேன். செக்கிங்கில் எட்டுக் கண்ணும் விட்டெரிய இருந்த என்னைத்தான் ஒரு பூச்சியை வைத்து அவமானப்படுத்திவிட்டார்கள். இப்போது பலகையில் எல்ஈடி என்று ஒரு விளக்கு மாட்டியிருக்கிறார்கள், அதில் வெளிச்சமே இல்லை. பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதுகிறவர்களுக்கும் பெயின்ட் தட்டுப்பாடு போலிருக்கிறது. போன வியாழக்கிழமை பல்லடம் பஸ் என்று ஏறிப் பொங்கலூரில் இறங்கினேன். நாடு இந்த லட்சணத்தில் இருக்கிறது, நீ என் கண்ணைக் குறை சொல்கிறாய்.

எங்கள் முதலாளி தங்கதுரைக்கு நித்யஸ்ரீ என்று ஒரே மகள். கோயமுத்தூர்க் காலேஜில் விலங்கியல் படிக்கிறாள். பனியன் கம்பெனி முதலாளியின் மகள் பனியனைப் படிக்காமல் பூச்சியைப் படித்தால் கம்பெனி எப்படி உருப்படும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடம் மட்டும் கேட்கிறேன். கம்பெனி வாசலில் ஒரு வாகை மரம் நிற்கிறதே, நீ வந்தபோது அதன் அடியில்தான் செருப்பைத் தொலைத்தாய். அதில் ஆணி அடித்து நாங்கள் சோற்றுப் பை மாட்டுவோம். பத்து நாளைக்கு முன் டீ நேரத்தில் அந்தப் பெண் எங்களையெல்லாம் மரத்தடிக்குக் கூப்பிட்டு, “ஏனுங்க, இந்த மரத்துல நம்ம கைக்கெட்டற ஒசரத்துல ஒரு சிலந்தி உக்காந்துருக்குதுங்க. யாரு மொதல்ல கண்டுபிடிக்கறீங்கன்னு பாக்கலாமுங்க” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “காசிமாயன் அண்ணன் இருக்கும்போது நாங்க எதுக்கு?” என்று யாரோ சொன்னார்கள். நானும் சும்மா இருக்காமல், “அரை நிமிசம் போதும் பாப்பா” என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கால் மணி நேரம் பார்த்தேன், மாப்பிள்ளை. பட்டை இருந்தது. பட்டைக்குப் பக்கத்தில் பட்டை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. என் கூடப் பலகையில் நிற்கும் ரோஸ்மேரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை, டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல், “அண்ணாச்சி, அன்னா இருக்குல்லா! ஒங்க மூக்குக்கு நேராத்தான் தலகீழாக் கெடக்கு” என்றாள். எல்லாரும் “ஆமாமா” என்றார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி மகள் மனம் நோகக்கூடாது என்று மொத்தக் கம்பெனியும் சேர்ந்து இல்லாத பூச்சியை இருப்பதாகச் சொல்கிறது. “வெறும் பட்டைக்கு இத்தனை ஆமாவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உன் அக்காள் அதே கம்பெனியில்தான் தைத்த பனியனில் நூல் பிசிர் வெட்டுகிறாள். அவளாவது எனக்காக ஒரு வார்த்தை பேசினாளா? எதையோ முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள். இப்போதெல்லாம் எந்நேரமும் எதையாவது துடைத்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

அந்தப் பூச்சியின் அழகை நித்யஸ்ரீ எனக்குப் பாடமே நடத்தினாள். அதையும் கேட்டுக்கொள். பெயர் இரட்டைவால் சிலந்தியாம். வால் என்றால் வால் இல்லையாம், நூல் விடுகிற குழாய் இரண்டு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். உடம்பு சப்பட்டையாம். நிறம் மரப்பட்டையின் அதே சாம்பலாம், பட்டையில் பூசணம் பூத்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வேறு. எட்டுக் காலில் ஆறு கால் நீளம், நடுவில் ஒரு ஜோடி மட்டும் குட்டை. எங்கள் கம்பெனியில் ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாகப் பனியன் வந்தால் தைத்தவனை நிற்கவைத்துக் கேட்போம். இதைப் படைத்தவனைக் கேட்க ஆளில்லை. சிலந்தி என்றால் வலை கட்ட வேண்டும் அல்லவா? இதற்கு அந்தத் துப்பும் கிடையாது. பட்டை மேல் நாலு இழையை ஓட்டிவிட்டுப் பகல் முழுக்கத் தலைகீழாகப் படுத்திருக்குமாம். எறும்போ அந்துப்பூச்சியோ பக்கத்தில் வந்தால் எகிறிப்போய், வாலை அதன் பக்கம் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலால் கட்டிவிடுமாம். காதர்பேட்டை பனியன் கடைகளில் பார்சல் கட்டுகிறவர்கள் மூட்டையைச் சுற்றி வந்து கயிறு போடுவார்களே, அதே வேலை. ஆனால் அவர்கள் கட்டிய மூட்டையை ஊருக்கு அனுப்புவார்கள். இது கட்டி முடித்த கையோடு கடித்து உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். இந்த யோக்கியதையை வைத்துக்கொண்டு காதர்பேட்டையில் ஒரு நாள் குப்பை கொட்ட முடியுமா?

“நம்ம நிட்டிங் மெஷினாட்டவே ரவுண்டு ரவுண்டா ஓடுதுங்க அங்கிள்” என்று அந்தப் பெண் கண்ணை விரித்தாள். நிட்டிங் மெஷின் சுற்றினால் ஊருக்கே பனியன் கிடைக்கும். இது சுற்றினால் ஒரு எறும்புக்குச் சட்டை, அதுவும் போட்டுக்கொண்டு நடக்க முடியாத சட்டை. இதில் அதற்குக் கண் எட்டு வேறு. எட்டுக் கண்ணை வைத்துக்கொண்டு, இரண்டே கண் உள்ள காசிமாயனுக்குப் பயந்து பட்டையோடு பட்டையாகக் கிடக்கிறதென்றால் அது என்ன பிழைப்பு? உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். எட்டுக் கண் உள்ள வாடிக்கையாளர் உனக்கு உசிலம்பட்டியில் கிடைக்கப்போவதில்லை. பேசாமல் அந்த மரத்தடிக்கு வந்து ஒரு கிளை திறந்துவிடு.

இதோடு போயிருந்தால் நான் நோட்டு வாங்கியிருக்க மாட்டேன். மறுநாளே கட்டிங்கிலிருந்து ஒரு ரோல் திரும்பி வந்தது. ஆறு மீட்டருக்கு நட்டநடுவில் ஊசிக் கோடு, நான் பார்த்து விட்ட ரோல். முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே கெட்ட செய்திதான். “காசிமாயண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கை பட்ட துணியை எங்கப்பா திருப்பிக்கூடப் பாக்க மாட்டாருங்க. ஆனா இப்பக் கண்ணைக் கொஞ்சம் காமிச்சுட்டு வந்துருங்க. அதுவரைக்கும் ரோஸ்மேரி பலகையைப் பாத்துக்கட்டுமுங்க. நீங்க கேட்டுல உக்காந்து வர்ற வண்டி நெம்பரை எழுதுங்க” என்றார். இந்தக் கொங்கு நாட்டுக்காரர்கள் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். மாப்பிள்ளை, அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று நின்றே என் தலை நரைத்தது. அதை விட்டுவிட்டு லாரி நம்பர் எழுதுவதா? ஆனாலும் விடவில்லை. “மொதலாளி, அடுத்த சனிக்கிழமைக்குள்ள அந்த மரத்துல இருக்கிறதாச் சொல்ற பூச்சியை நான் காட்டிப்புட்டா பலகை எனக்கு, சரிதானா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, “சரிங்கண்ணா” என்றார்.

எனக்குத் தெரிந்த தொழில் செக்கிங். ஆகவே மரத்தையும் ஒரு ரோலாக நினைத்துக்கொண்டு, வேரிலிருந்து கை எட்டும் உயரம் வரை சாணுக்குச் சாண் பார்த்தேன். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினேன். டீ நேரத்தில் ஒட்டினேன், சாப்பாட்டு நேரத்தில் ஒட்டினேன், ஷிப்டு முடிந்ததும் ஒட்டினேன். நித்யஸ்ரீ தினமும் வந்து ஒவ்வொரு அம்பாகப் பார்த்து, “இது பிசினுங்க அங்கிள்”, “இது பல்லி எச்சமுங்க அங்கிள்” என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போவாள். ஒன்று ரோஸ்மேரி வேலைக்கு வந்த புதிதில் தொலைத்த கொண்டை ஊசி. நான் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. நாலு நாளில் அறுபது எழுபது அம்பு சேர்ந்து மரமே சிவப்பாகிவிட்டது. சாயம் போட டையிங்குக்குத் துணி ஏற்ற வந்த வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் அதைச் சாமி மரம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். போகும்போது ஒருவர் “பாபா” என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். முப்பத்தொரு வருடத்தில் இந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அதுவும் ஆள் தெரியாமல் கொடுத்தது.

சனிக்கிழமை, அதாவது நேற்று, மத்தியானம் மொத்தக் கம்பெனியும் மரத்தடியில் கூடிவிட்டது. முதலாளியும் வந்து நின்றார். எனக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். “இந்த மரத்துல சிலந்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நான் தடவிப் பாக்காத எடமே இல்ல. இந்தா, இங்க ஒண்ணுமே இல்லங்கிறதுக்கு இதுதான் கடைசி அம்பு” என்று சொல்லி, வெறும் பட்டையில், சோற்றுப் பை ஆணிக்குக் கீழே, ஒரு அம்பை ஒட்டி விரலை எடுத்தேன்.

அம்பு நடந்தது.

முதலில் ஒரு சாண் மேலே போனது. நின்றது. அப்படியே திரும்பித் தலைகீழாகப் படுத்துக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, மரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. சிவப்பு எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே நானும் அதன் பின்னால் மரத்தைச் சுற்றி ஓடினேன். நித்யஸ்ரீ என் பின்னால், “பாத்துங்க அங்கிள், நசுக்கிப்போடாதீங்க!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். வடக்கத்தி ஆட்கள் இருந்திருந்தால் அவர்களும் கும்பிட்டுக்கொண்டே சேர்ந்து ஓடியிருப்பார்கள். பிசிர் வெட்டுகிற பெண்கள் சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்தையும் மீறி மெயின் ரோடு வரை கேட்டதாம். கடைசியில் அந்தப் பெண் பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, தடவித் தடவி ஸ்டிக்கரை எடுத்துவிட்டாள். அது காயமில்லாமல் இறங்கிப் பட்டைக்குள் போனதாம். மறுபடியும் எனக்கு அது தெரியவில்லை.

நான் விட்டேனா? “மொதலாளி, பழுது இருக்கிற எடத்துல அம்பு ஒட்டுறதுதான் என் வேலை. கரெக்டா அது மேலயே ஒட்டிருக்கேன்ல? பலகை எனக்குத்தான்” என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, “ஒட்டுனீங்கண்ணா, இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா அது மேலயே ஒட்டிப்போட்டு, இங்க ஒண்ணுமே இல்லீன்னு சொன்னீங்களே! நாளைக்குத் துணியிலயும் இப்படிச் சொன்னீங்கன்னா நான் என்ன பண்றதுங்க? கண்ணாடி போட்டுட்டு வந்தா பலகை. இல்லீன்னா திங்கட்கிழமை கேட்டு. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதமுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் முடிவைக் கேட்டுக்கொள். நான் கேட்டிலும் உட்கார மாட்டேன், கண்ணாடியும் போட மாட்டேன். கண்ணாடி என்பது பார்க்கத் தெரியாதவன் மூக்கில் ஏற்றிக்கொள்ளும் சுமை. உன் கடை வாசலில் ஒரு கண் படத்தை வரைந்து வைத்திருக்கிறாயே, அதற்கே ஒன்றரைக் கண், அதை முதலில் சரி செய். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து ஆடு மேய்க்கிறேன். ஆட்டைத் தெரிந்துகொள்ளக் கண்ணாடி தேவையில்லை, கத்தும். நாலு வெள்ளாடு பார்த்து வை. கடன் நீ தர வேண்டாம், யோசனையும் தர வேண்டாம். அந்த மரத்திலுள்ளது ஒரு சோம்பேறி, உருப்படாத, பட்டைக்குப் பிறந்த பூச்சி என்பதையும், அதைக் கொண்டு என்னை அளந்தவர்கள் எல்லாரும் அதைவிட மட்டமானவர்கள் என்பதையும் உன் கடைக்கு வருகிறவர்களிடம் ஸ்பீக்கர் போட்டே சொல்லலாம்.

உன் வீட்டாருக்கு என் விசாரிப்பைச் சொல். காது குத்திய மகனுக்குப் புண் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன், அவனுக்கு என் ஆசீர்வாதம். உன் மாமனாருக்கு வணக்கம், அவருக்கு நல்ல வேட்டி ஒன்று எடுத்துக் கொடு. மைக்செட்காரரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற,
காசிமாயன்.

பி.கு.: மேலே எழுதியதைத் தபாலில் போடுவதற்கு முன், பிழை இருந்தால் சொல்லட்டும் என்று உன் அக்காளிடம் கொடுத்தேன். அவள் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். “இதென்னத்தா புதுசா?” என்றேன். “புதுசா? ரெண்டு வருசமாப் போட்ருக்கேன். தம்பிதான் குடுத்தான். துணியில மயிரிழைத் தப்பைக்கூடப் பாக்குற மனுசன், பொண்டாட்டி மூஞ்சியில இருக்கிறதயும் ஒருநாள் பாப்பாருன்னு இருந்தேன்” என்றாள். தினமும் மரத்தடியில் எதிரே உட்கார்ந்து அவள் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தானாம். கம்பெனியில் எல்லாருக்கும் தெரியுமாம். இரண்டு வருடம் நீயும் வாயைத் திறக்கவில்லை, அதற்கு உன்னை நேரில் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

அவள் என்னைக் கையைப் பிடித்துக் கம்பெனிக்கு இழுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, ஈ காக்கை இல்லை. தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டி மரத்துக்கு முன்னால் நிறுத்தினாள். சோற்றுப் பை ஆணிக்கு நாலு விரல் கீழே, தலைகீழாக, இரண்டு வாலோடு, முதுகில் என் ஸ்டிக்கரின் சிவப்பு ஒரு பொட்டாக ஒட்டியிருக்க, அது இருந்தது. ஒரு கட்டெறும்பு வந்தது. அது எகிறி, எறும்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டியதை முழுக்கப் பார்த்தேன். பதினேழு சுற்று. ஒரு இழை தப்பவில்லை, ஒரு ஓட்டை இல்லை. அம்பு ஒட்ட இடமே கிடையாது, மாப்பிள்ளை. திரும்பி உன் அக்காளைப் பார்த்தேன். அவளுக்கு இத்தனை நரை எப்போது வந்ததென்று தெரியவில்லை. “என்ன அப்பிடிப் பாக்குறீக?” என்று கேட்டு அவள் வெட்கப்பட்டதைப் பார்த்தும் வெகு காலமாகிறது.

ஆகவே ஆடு வேண்டாம். அக்காளுடைய பவரிலேயே எனக்கும் ஒன்று செய்து, கடிதம் கிடைத்த அன்றைக்கே பஸ்ஸில் போட்டு அனுப்பு. பார்சல் மேல் கருவாடு என்று எழுது. பிரேம் மட்டும் வாகைப் பட்டை நிறத்தில் இருக்கட்டும். மூக்கில் இருப்பது ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது.